பிஸ்டன் இடைவெளி (காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்)

பிஸ்டன் இடைவெளி என்பது ஓர் உள் எரி எஞ்சினில் பிஸ்டனுக்கும் அதைச் சூழ்ந்துள்ள உறுப்புகளுக்கும் இடையே திட்டமிட்டு விடப்படும் சிறிய வெளியைக் குறிக்கும். உலோகங்கள் சூடேறும்போது விரிவடைகின்றன. அவ்விரிவுக்கு இடம் இல்லையெனில், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி எஞ்சின் நின்றுவிடும். இடம் மிகுதியாக இருந்தால் எரிவளிமம் கசியும், எண்ணெய் எரியும், பிஸ்டன் சுவரில் மோதி ஒலி எழுப்பும். எனவே எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டும் பணியில் இவ்விடைவெளிகளைச் சரியாக அமைப்பது முதன்மையான படிநிலைகளுள் ஒன்றாகும்.

நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களை விடக் காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களில் இப்பணிக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. இக்கட்டுரை, அவ்வகை எஞ்சின்களுள் மிகப் பரவலாக அறியப்பட்ட வோக்ஸ்வாகன் பீட்டில் மகிழுந்தின் 1600 வகை எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு பிஸ்டன் இடைவெளிகளை விளக்குகிறது.

பின்னணி

காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள் இருபதாம் நூற்றாண்டில் பல மகிழுந்துகளில் பயன்பட்டன. இத்தாலியின் ஃபியட் 500 (1957 - 1975), அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வேர், 1990 வரை உற்பத்தி செய்யப்பட்ட சித்ரோவன் 2சிவி, 1998 வரையிலான போர்ஷே 911 ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

பீட்டில் மகிழுந்தை ஃபெர்டினாண்டு போர்ஷே ஜெர்மனியில் வடிவமைத்தார். மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் கட்டப்பட்டன. இவற்றுள் கடைசி வண்டி மெக்சிகோவின் புவெப்லா நகரத் தொழிற்சாலையில் 2003 சூலை 30 அன்று வெளிவந்தது. பிரேசிலில் கட்டப்பட்ட கோம்பி வண்டிகளில் இவ்வகை எஞ்சின் 2005 இறுதி வரை பொருத்தப்பட்டது. உற்பத்தி நின்ற பின்னரும் இவ்வண்டிகள் பல நாடுகளில் ஓடுகின்றன. ஆகவே இவற்றின் எஞ்சின்களை மறுபடி கட்டும் கலையும் நிலைத்திருக்கிறது.

எஞ்சினின் அமைப்பு

இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. பக்கத்திற்கு இரண்டாக, எதிரெதிராகக் கிடைமட்டத்தில் அவை அமைந்துள்ளன. 1600 வகையில் சிலிண்டரின் உள்விட்டம் 85.5 மி.மீ. ஆகும். பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகரும் தொலைவு 69 மி.மீ. ஆகும். இவற்றிலிருந்து மொத்தக் கொள்ளளவு 1584 கன செ.மீ. எனக் கிடைக்கிறது.

நீரால் குளிர்விக்கப்படும் பெரும்பாலான எஞ்சின்களில் எல்லாச் சிலிண்டர்களும் ஒரே வார்ப்புக் கட்டையில் துளையிடப்பட்டிருக்கும். பீட்டில் எஞ்சினில் அவ்வாறன்று. ஒவ்வொரு சிலிண்டரும் செதில்கள் சூழ்ந்த தனி வார்ப்பிரும்புக் குழாயாக இருக்கிறது. அதன் ஒரு முனை மக்னீசியக் கலப்புலோகத்தாலான கிராங்க் உறைக்குள் அமர்கிறது. மறுமுனை, இரு சிலிண்டர்களுக்குப் பொதுவான அலுமினியச் சிலிண்டர் ஹெட்டுக்குள் அமர்கிறது. பிஸ்டன்கள் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை.

இவ்வாறு அலுமினியம், வார்ப்பிரும்பு, மக்னீசியம், எஃகு ஆகிய நான்கு உலோகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்குகின்றன. இவை ஒரே அளவில் விரிவடைவதில்லை என்பதே இடைவெளிகளின் தேவைக்கு அடிப்படையாகும்.

இடைவெளி ஏன் தேவைப்படுகிறது

பிஸ்டனுக்குப் பயன்படும் அலுமினிய - சிலிக்கான் கலப்புலோகம் ஒரு பாகை செல்சியசு வெப்பநிலை உயர்வுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 20 பங்கு விரிவடைகிறது. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 11 பங்கு விரிவடைகிறது. 85.5 மி.மீ. விட்டமுள்ள இரண்டும் 100 பாகை சூடேறினால், அலுமினியம் 0.17 மி.மீ. அளவும் வார்ப்பிரும்பு 0.09 மி.மீ. அளவும் பெருக்கும். அதாவது, பிஸ்டன் சிலிண்டரை விட ஏறத்தாழ 0.08 மி.மீ. கூடுதலாக வளரும். உண்மையில் பிஸ்டனின் தலைப்பகுதி சிலிண்டர் சுவரை விட அதிகமாகச் சூடேறுவதால் வேறுபாடு இன்னும் கூடும்.

பிஸ்டன் வெறும் நேர் உருளையாக இருந்தால், மிகப் பெரிய இடைவெளி விடவேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கப் பிஸ்டனின் வடிவமே மாற்றப்பட்டுள்ளது:

* தீயை நேரடியாகச் சந்திக்கும் தலைப்பகுதி, ஸ்கர்ட் எனப்படும் கீழ்ச்சுவரை விடச் சற்றுச் சிறிய விட்டம் உடையது.
* கீழ்ச்சுவர் முழு வட்டமாக இல்லாமல் மிக நுண்ணிய நீள்வட்டமாக உள்ளது. பிஸ்டன் பின் செல்லும் திசையில் உலோகம் தடித்திருப்பதால் அத்திசையில் விட்டம் குறைவாக வைக்கப்படுகிறது.
* சில பிஸ்டன்களில் விரிவைக் கட்டுப்படுத்த எஃகுத் தகடுகள் உட்புதைக்கப்பட்டுள்ளன.

எனவே பிஸ்டன் குளிர்ந்திருக்கும்போது அதன் வடிவம் சீரற்றது. இயங்கும் வெப்பநிலையை அடைந்த பின்னரே அது உருளை வடிவத்தை நெருங்குகிறது. பணிமேசையில் அளக்கப்படும் இடைவெளி, சாலையில் ஓடும்போது நிலவும் இடைவெளி அன்று. சூடான எஞ்சினுக்கு வேண்டிய பொருத்தத்தைக் குளிர்ந்த உறுப்புகளில் முன்கூட்டியே அமைப்பதுதான் இப்பணியின் சாரம்.

நீர்க் குளிர்விப்பில் வெப்பநிலைக் காப்பு வால்வும் நீரும் சேர்ந்து சிலிண்டர் சுவரின் வெப்பநிலையை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன. காற்றுக் குளிர்விப்பில் அவ்வெல்லை அகலமானது. மலையேற்றம், அதிகச் சுமை, எதிர்க்காற்று, விசிறிப் பட்டையின் தளர்ச்சி ஆகிய ஒவ்வொன்றும் சிலிண்டரின் சூட்டை மாற்றும். "இறுக்கமாக இருந்தால் எஞ்சின் புதிதாக இருக்கும்" என்னும் கருத்து இங்குப் பொருந்தாது.

அளவுகள்

1600 வகை எஞ்சினுக்கு வோக்ஸ்வாகன் பணிமனைக் கையேடுகள் தரும் அளவுகள் வருமாறு:

* பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே: 0.04 - 0.06 மி.மீ. (தேய்மான எல்லை 0.20 மி.மீ.)
* மேல் அமுக்க வளையம், பள்ளத்தில் பக்கவாட்டு இடைவெளி: 0.07 - 0.10 மி.மீ. (எல்லை 0.12 மி.மீ.)
* கீழ் அமுக்க வளையம், பள்ளத்தில் பக்கவாட்டு இடைவெளி: 0.05 - 0.07 மி.மீ. (எல்லை 0.10 மி.மீ.)
* எண்ணெய் வளையம், பள்ளத்தில் பக்கவாட்டு இடைவெளி: 0.03 - 0.05 மி.மீ. (எல்லை 0.10 மி.மீ.)
* அமுக்க வளையங்களின் வாய் இடைவெளி: 0.30 - 0.45 மி.மீ. (எல்லை 0.90 மி.மீ.)
* எண்ணெய் வளையத்தின் வாய் இடைவெளி: 0.25 - 0.40 மி.மீ. (எல்லை 0.95 மி.மீ.)

இவை தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வார்ப்புப் பிஸ்டன்களுக்கு உரியவை. சம்மட்டி அழுத்தத்தால் வடிக்கப்படும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களுள் பல கூடுதலாக விரிவடைவதால், அவற்றுக்குக் கூடுதல் இடைவெளி தேவைப்படலாம். அவற்றுக்குப் பிஸ்டனைச் செய்தவர் தரும் அளவையே பின்பற்றவேண்டும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான வெளி

இதை அளக்க, சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டனின் வெளிவிட்டமும் தனித்தனியே அளக்கப்பட்டுக் கழிக்கப்படுகின்றன.

பிஸ்டனின் விட்டம், கீழ்ச்சுவரின் அடிப்பகுதியில், பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரால் அளக்கப்படுகிறது. பிஸ்டனின் மிகப் பெரிய விட்டம் அவ்விடத்தில்தான் உள்ளது. தலைப்பகுதியில் அளந்தால் இடைவெளி உண்மையை விடப் பெரிதாகத் தோன்றும்.

சிலிண்டரின் உள்விட்டம், மேல் விளிம்பிலிருந்து 10 முதல் 16 மி.மீ. கீழே, உள்விட்ட அளவியான போர் கேஜ் கொண்டு அளக்கப்படுகிறது. வளையங்கள் மிகுதியாக உராயும் மேற்பகுதியிலேயே தேய்மானம் அதிகம் என்பதால் அவ்விடம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பழைய சிலிண்டராயின் நடுவிலும் அடியிலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்தால் சரிவும் கோணலும் தெரியவரும்.

எடுத்துக்காட்டாக, சிலிண்டர் 85.51 மி.மீ. எனவும் பிஸ்டன் 85.46 மி.மீ. எனவும் இருந்தால் இடைவெளி 0.05 மி.மீ. ஆகும். இது ஒரு தலைமயிரின் தடிமனை ஒத்தது. எனவே அளக்கும் முறையில் நேரும் சிறு பிழையும் முடிவைக் கெடுக்கும். கையில் நெடுநேரம் வைத்திருந்த பிஸ்டன் 10 பாகை சூடேறினால், அதன் விட்டம் 0.017 மி.மீ. பெருகும். இது மேற்சொன்ன இடைவெளியில் மூன்றில் ஒரு பங்காகும். இரு உறுப்புகளும் அளவுக் கருவியும் ஒரே அறையில் சில மணி நேரம் இருந்து ஒரே வெப்பநிலையை அடைந்த பின்னரே அளத்தல் வேண்டும்.

தொழிற்சாலையில் பிஸ்டன்களும் சிலிண்டர்களும் அளவு வாரியாகப் பிரிக்கப்பட்டு நீலம், இளஞ்சிவப்பு, பச்சை ஆகிய வண்ணப் புள்ளிகளால் குறிக்கப்பட்டன. ஒரே வண்ணம் கொண்டவையே இணையாகப் பொருத்தப்பட்டன. ஓர் எஞ்சினில் உள்ள பிஸ்டன்களின் எடை வேறுபாடு 10 கிராமுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.

இடைவெளி 0.20 மி.மீ. எல்லையை நெருங்கினால், எது தேய்ந்தது எனக் காணவேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் இணையாக மாற்றப்படும். சிலிண்டர் நல்ல நிலையில் இருந்தால் அதே அளவுக் குறியுள்ள புதிய பிஸ்டன் மட்டும் போதுமானது. தனிக் குழாயாக உள்ள சிலிண்டர்களை எளிதில் மாற்ற முடியும் என்பது இவ்வமைப்பின் நன்மையாகும்.

வளையங்களின் இடைவெளி

பிஸ்டன் வளையம் முழு வட்டமன்று. அதன் இரு முனைகளுக்கு இடையே ஒரு வாய் உள்ளது. வளையம் சிலிண்டருக்குள் வைக்கப்படும்போது எஞ்சும் வெளியே வாய் இடைவெளி எனப்படுகிறது.

வளையம் எரிவளிமத்தின் சூட்டை வாங்கிச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துவதால், அது சுவரை விடச் சூடாக இருக்கும். 85.5 மி.மீ. விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 269 மி.மீ. ஆகும். வார்ப்பிரும்பு வளையம் சுவரை விட 100 பாகை அதிகமாகச் சூடேறினால் அதன் நீளம் ஏறத்தாழ 0.30 மி.மீ. கூடும். கையேடு தரும் மிகக் குறைந்த வாய் இடைவெளியும் 0.30 மி.மீ. என்பது கவனிக்கத்தக்கது. வாய் இதைவிடக் குறுகியிருந்தால் முனைகள் ஒன்றையொன்று முட்டும். வளையம் வெளிநோக்கித் தள்ளப்பட்டுச் சுவரைக் கீறும், அல்லது முறியும்.

அளக்கும்போது வளையத்தைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தட்டையான தலையால் நேராகத் தள்ளி, வாயில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்க்கவேண்டும். வளையம் சாய்ந்திருந்தால் அளவு பிழையாகும். வாய் குறுகியிருந்தால் முனையை மெல்லிய அரத்தால் சிறிது சிறிதாக அராவி, பிசிறு நீக்கி, மீண்டும் அளக்கவேண்டும். ஒவ்வொரு வளையமும் அது பொருத்தப்படவிருக்கும் சிலிண்டரிலேயே அளக்கப்படல் வேண்டும்.

பக்கவாட்டு இடைவெளி என்பது வளையத்துக்கும் அது அமரும் பள்ளத்தின் சுவருக்கும் இடையிலான வெளியாகும். பள்ளத்தில் கரி படிந்திருந்தால் இது குறைவாகத் தோன்றும். எனவே பள்ளத்தை உலோகம் சுரண்டப்படாதவாறு துப்புரவு செய்த பின்னரே அளக்கவேண்டும்.

டெக் உயரம்

பிஸ்டன் தன் ஓட்டத்தின் வெளி எல்லையை அடையும்போது, அதன் தலைக்கும் சிலிண்டரின் மேல் விளிம்புக்கும் இடையே எஞ்சும் தொலைவு டெக் உயரம் எனப்படுகிறது. முன்னர்க் கூறிய இடைவெளிகள் உறுப்புகளுடன் வருபவை. டெக் உயரமோ எஞ்சினைக் கட்டுபவரால் அமைக்கப்படுவது. கிராங்க் உறையின் சிலிண்டர் அமரும் முகம் கடைந்து சமன்செய்யப்பட்டிருந்தாலோ, வேறு நிறுவனத்தின் பிஸ்டனோ நீண்ட ஓட்டமுள்ள கிராங்க் தண்டோ பயன்படுத்தப்பட்டாலோ இந்த உயரம் மாறிவிடும். எடுத்துக்காட்டாக, 69 மி.மீ. ஓட்டத்துக்குப் பதில் 78 மி.மீ. ஓட்டமுள்ள தண்டு பொருத்தினால், பிஸ்டன் 4.5 மி.மீ. கூடுதலாக வெளிநோக்கி வரும்.

சாலையில் ஓடும் வண்டிகளுக்கு 1.0 முதல் 1.5 மி.மீ. வரையிலான டெக் உயரம் எஞ்சின் கட்டுவோரால் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. உயர் வேகத்தில் இணைப்புத் தண்டு சிறிது நீள்வதாலும், தாங்கிகளில் உள்ள எண்ணெய் வெளி ஒரு பக்கம் ஒதுங்குவதாலும், பிஸ்டன் சிறிது சாய்வதாலும் இந்த ஒதுக்கீடு தேவைப்படுகிறது. இல்லையெனில் பிஸ்டன் ஹெட்டில் மோதும்.

டெக் உயரம் அமுக்க விகிதத்தையும் மாற்றுகிறது. 1600 எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 396 கன செ.மீ. ஆகும். ஹெட்டில் உள்ள எரியறை 50 கன செ.மீ. எனவும் பிஸ்டன் தலை தட்டையானது எனவும் கொண்டால், கணக்கிட்டுப் பெறும் விகிதங்கள் வருமாறு:

* டெக் உயரம் 0.5 மி.மீ.: 8.5
* டெக் உயரம் 1.0 மி.மீ.: 8.1
* டெக் உயரம் 1.5 மி.மீ.: 7.8
* டெக் உயரம் 2.5 மி.மீ.: 7.2

தொழிற்சாலை 1600 எஞ்சின்களின் அமுக்க விகிதம் வகையைப் பொறுத்து 7.3 முதல் 7.7 வரை இருந்தது. விகிதம் உயர்ந்தால் ஆற்றல் கூடும், வெப்பமும் கூடும். எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் எஞ்சின் தட்டல் நிகழ்ந்தால், பிஸ்டனின் தலையே உருகித் துளைபடக்கூடும். விசிறியின் ஒலி மிகுந்த காற்றுக் குளிர்விப்பு எஞ்சினில் இத்தட்டலை ஓட்டுநர் காதால் அறிவது கடினம்.

அளப்பதற்கு, கேஸ்கட்டுடன் சிலிண்டரைக் கிராங்க் உறையில் அமர்த்தி, நீண்ட போல்ட்டுகளில் குழாய்த் துண்டுகளும் நட்டுகளும் இட்டு அசையாமல் இறுக்கவேண்டும். பிஸ்டனை வெளி எல்லைக்குக் கொணர்ந்து, சிலிண்டரின் விளிம்பிலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள ஆழத்தை ஆழ அளவியாலோ டயல் கேஜாலோ அளக்கவேண்டும். பிஸ்டன் சாய்ந்தாடக்கூடும் என்பதால் பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே அளத்தல் நன்று. நான்கு சிலிண்டர்களையும் தனித்தனியே அளந்து, அவற்றிடையே வேறுபாடு மிகக் குறைவாக இருக்குமாறு அமைக்கவேண்டும்.

உயரம் போதாவிடில் சிலிண்டரின் அடியில் ஷிம் எனப்படும் உலோக வளையங்கள் இடப்படுகின்றன. ஒரே ஹெட்டைப் பகிரும் இரு சிலிண்டர்களுக்கும் ஒரே தடிமன் உள்ள ஷிம் இடவேண்டும். இல்லாவிடில் ஹெட் சாய்ந்து அமர்ந்து வளிமம் கசியும். ஷிம் தடிமனானால் ஹெட் வெளிநோக்கி நகர்வதால், வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளின் நீளத்தையும் சரிபார்க்கவேண்டும்.

பொருத்தும் முறை

1. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி ஃபிளைவீலை நோக்கி இருக்கவேண்டும். சில பிஸ்டன்களில் அம்புக்குறியுடன், 'முன்' எனப் பொருள்படும் 'ஃபோர்ன்' என்னும் ஜெர்மன் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். பீட்டிலில் எஞ்சின் வண்டியின் பின்புறத்தில் இருப்பதால், ஃபிளைவீல் உள்ள பக்கமே வண்டியின் முன்பக்கமாகும். பிஸ்டன் பின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி அமைந்துள்ளதால் திசை மாறக்கூடாது.
2. பிஸ்டன் பின் எளிதில் நுழையாவிட்டால் பிஸ்டனை ஏறத்தாழ 80 பாகை வரை சூடாக்கலாம். சுத்தியலால் அடிப்பது இணைப்புத் தண்டை வளைக்கும்.
3. வளையங்களில் 'டாப்' அல்லது 'ஓபென்' எனக் குறிக்கப்பட்ட பக்கம் பிஸ்டன் தலையை நோக்கி இருக்கவேண்டும். 'ஓபென்' என்பது ஜெர்மன் மொழியில் 'மேலே' எனப் பொருள்படும்.
4. மூன்று வளையங்களின் வாய்களும் ஒரே நேர்கோட்டில் அமையாமல் 120 பாகை இடைவிட்டு அமையவேண்டும். சிலிண்டர் கிடைமட்டமாக இருப்பதால் எண்ணெய் அடிப்பக்கம் தேங்கும். ஆகவே எண்ணெய் வளையத்தின் வாய் மேல்நோக்கி வைக்கப்படுகிறது.
5. பிஸ்டனுக்கும் சுவருக்கும் எண்ணெய் பூசி, வளையங்களைப் பட்டையால் நெருக்கி, சிலிண்டரைப் பிஸ்டன் மீது மெல்ல நழுவவிடவேண்டும். இவ்வெஞ்சினில் முதலில் பிஸ்டன் இணைப்புத் தண்டில் மாட்டப்பட்டு, அதன் மேல் சிலிண்டர் ஏற்றப்படுகிறது.
6. 10 மி.மீ. போல்ட்டுகள் உள்ள ஹெட்டுகளை 32 நியூட்டன் மீட்டர் அளவிலும், 8 மி.மீ. போல்ட்டுகள் உள்ளவற்றை 25 நியூட்டன் மீட்டர் அளவிலும், கையேடு தரும் வரிசைப்படி படிப்படியாக இறுக்கவேண்டும்.

தவறான இடைவெளியின் விளைவுகள்

இடைவெளி குறைந்தால், சூடேறிய பிஸ்டன் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைப் பிழிந்து வெளியேற்றும். அலுமினியம் வார்ப்பிரும்பின் மீது நேரடியாக உராய்ந்து அதன்மேல் ஒட்டும். இழுவை குறைந்து, இறுதியில் எஞ்சின் இறுகி நிற்கும். குளிர்ந்த பின் எஞ்சின் மீண்டும் சுழலக்கூடும். ஆயினும் சுவரில் ஏற்பட்ட கீறல்கள் நிலைத்துவிடும்.

இடைவெளி மிகுந்தால், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் சுவரில் மோதும் ஒலி கேட்கும். சூடேறியதும் அது குறையலாம். நாளடைவில் கீழ்ச்சுவர் தேய்ந்து, வளையங்கள் நிலைகுலைந்து, எண்ணெய்ச் செலவும் நீலப் புகையும் தோன்றும்.

இவ்விரண்டும் எஞ்சின் மூடப்பட்ட பின் வெளியிலிருந்து அளக்க முடியாதவை. பிழையைத் திருத்த எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் சிலிண்டர்

சரியான இடைவெளியும் சரியான குளிர்விப்பு இருந்தால்தான் பயன் தரும் என்பதற்கு மூன்றாம் சிலிண்டர் நல்ல எடுத்துக்காட்டாகும். வண்டியின் இடப்பக்கத்தில் ஃபிளைவீலை ஒட்டி இது அமைந்துள்ளது. பழைய எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் விசிறி உறைக்குள் இச்சிலிண்டருக்கு மேலே இருந்தது. எண்ணெயின் சூட்டை ஏற்று வந்த காற்றே இச்சிலிண்டருக்குக் கிடைத்ததால், அது மற்றவற்றை விட அதிகமாகச் சூடேறியது.

1971 ஆம் ஆண்டு வகை முதல் 1600 எஞ்சினில் குளிர்விப்பான் நேர் காற்றோட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டு, அதன் சூடான காற்று தனி வழியே வெளியேறுமாறு மாற்றியமைக்கப்பட்டது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத் தடுப்புகளும் இதே நோக்கத்துக்காக உள்ளவை. மறுபடி கட்டும்போது இத்தடுப்புகளுள் ஒன்றை விட்டுவிட்டால், காற்று செதில்களின் ஊடே செல்லாமல் வேறு வழியில் போய்விடும். அப்போது மைக்ரோமீட்டரால் நுணுக்கமாக அமைத்த 0.05 மி.மீ. இடைவெளியும் போதாததாகிவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி எஞ்சின்
* அமுக்க விகிதம்
* வெப்ப விரிவு
* மைக்ரோமீட்டர்
* வோக்ஸ்வாகன் பீட்டில்